எங்கள் துப்பாக்கியை வாங்கும் முன் எங்கள் கோப்பைப் படியுங்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும்,

தேர்தல் தேதி அறிவித்த கையோடு உங்கள் அலுவலகங்களிலிருந்து ஒரே மாதிரியான செய்திக்குறிப்பு வெளிவருகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரும் அதை உடனே அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற ஆயுதக் கிடங்கிலோ ஒப்படைக்க வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை என்று அதில் இருக்கும். வங்கிக் காவலர்களுக்கும் போட்டிகளில் சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் எல்லாரும் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். 2019-இல் வந்தது, 2021-இல் வந்தது, 2024-இல் வந்தது. அடுத்த தேர்தலுக்கும் தேதி மட்டும் மாறி அதே வாசகம் வரும். அது வருவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் வெள்ளாமை செய்கிறவள் நான். கடலைக்காய், மக்காச்சோளம், கொஞ்சம் குச்சிக்கிழங்கு. என் பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி உரிமம் இருக்கிறது. முதலில் என் மாமனார் பெயரில் இருந்தது, பிறகு என் கணவர் பெயருக்கு வந்தது, அவர் காலமான பிறகு வாரிசு என்ற முறையில் எனக்கு மாற்றித் தந்தார்கள். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, பின்னால் கேப்பு வைத்து வெடிக்கிற பழைய துப்பாக்கி அது. ஒரு தடவை வெடித்தால் மறுபடி மருந்து இடித்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். இதைத் தூக்கிக்கொண்டு யாரும் வாக்குச்சாவடியைக் கைப்பற்றப் போக மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

காட்டுப்பன்றியைச் சுட்டுக் கொல்ல எனக்கு உரிமை கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது, நானும் கொல்வதில்லை. ரவை போடாமல் வெறும் மருந்தை இடித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் போதும். கூட்டம் கலைந்து மலைப்பக்கம் ஓடிவிடும். பட்டாசுக்கும் தகரம் தட்டுவதற்கும் பன்றிகள் எப்போதோ பழகிவிட்டன. பாட்டிலுக்குள் மிளகாய்ப் புகை, வரப்பு நெடுக சேலை கட்டுவது, முடி தூவுவது, எல்லாவற்றையும் செய்து பார்த்தவர்கள்தான் நாங்கள். வெடிச் சத்தம் ஒன்றுக்குத்தான் இன்னும் கொஞ்சம் பயம் மிச்சமிருக்கிறது.

இப்போது தேர்தல் நாட்களைப் பாருங்கள். 2024-இல் மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-இல் முடிந்துவிட்டது. ஆனால் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும் என்பது நடைமுறை. நம் மாநிலத்தில் ஓட்டுப் போட்டு முடிந்த பிறகு 46 நாட்கள் எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோம், அப்புறம் அந்த ஒரு வாரம். 2019-இலும் மார்ச் 10-இல் அறிவிப்பு, ஏப்ரல் 18-இல் வாக்குப்பதிவு, மே 23-இல் எண்ணிக்கை. மாசியில் விதைத்த கடலைக்காய் பிஞ்சு பிடித்து, காய் முற்றி, பறிப்புக்கு வருகிற மாதங்கள் இவை. பன்றிக்கு அந்த வாசனை எங்கிருந்தாலும் தெரியும். ஒரே இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் செடியைச் செடியாகத் தின்னாது. மூக்கால் உழுதுவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் வயலில் வேர் மேலே, இலை கீழே. ஆண்டில் எந்த மாதத்தில் துப்பாக்கி எங்களுக்கு அவசியமோ அந்த மாதத்தில் அது உங்கள் கிடங்கில் இருக்கிறது.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம், தேர்தல் அமைதியாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. பொறுக்க முடியாதது, எங்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்பது.

அறிவிப்பு வந்த மறுநாளே போன் வரும். பேசுகிற காவலர் மரியாதையாகத்தான் பேசுவார். "அக்கா, லிஸ்ட்ல உங்க பேரு இருக்குதுங்க. நாளைக்குள்ள கொண்டாந்து குடுத்துருங்க." என் மேல என்ன கேசு இருக்குது தம்பி என்று கேட்டேன். "கேசெல்லாம் ஒண்ணும் இல்லீங்கக்கா. எல்லாருக்கும்தான்." அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேலிருந்து வந்ததை அவர் சொல்கிறார். ஆனால் அந்த "எல்லாருக்கும்தான்" என்ற பதிலுக்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். அதே நேரத்தில் தேர்தலுக்காக நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க ரௌடிப் பட்டியலில் இருப்பவர்களையும் வரச்சொல்லியிருப்பார்கள். ஒரே பெஞ்சு. ஊர்க்காரர்கள் யாராவது மனு கொடுக்க வந்தால் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவை அங்கே இருந்த ஓர் அதிகாரி, "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா தொல்லை விட்டுது" என்றார். என் மாமனாரிடமும் என் கணவரிடமும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர்களிடம் வேறு கேள்வி கேட்டார்கள், வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் மலையோர ஊர்களில் எல்லா ஆண்களிடமும் கேட்ட கேள்வி. அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து மக்கள் பட்டது தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டு விசாரிக்கும் அளவுக்குப் போனது. மலைக்குப் பக்கத்தில் இருப்பவன் கையில் துப்பாக்கி என்றாலே சந்தேகம் என்கிற மனப்பான்மை வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்ட 2004-உடன் போகவில்லை என்பதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

சரி, துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் யார்? அரசாங்கம் இவரைப் பற்றி அறிந்த அளவுக்கு வேறு எந்தக் குடிமகனைப் பற்றியும் அறியாது. கிராம நிர்வாக அலுவலர் நிலத்தை வந்து பார்த்திருக்கிறார். வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் ஒவ்வொருவரும் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். குடிப்பாரா, சண்டை போடுவாரா, மனநலம் எப்படி, எந்த வழக்காவது உண்டா என்று கேட்டுக் குறித்திருக்கிறார். பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி வாங்கியிருக்கிறார்கள். மருத்துவச் சான்று வாங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு நாடு முழுவதற்குமான தனி அடையாள எண் கூட இருக்கிறது. இவ்வளவும் உங்கள் மேசையில் ஒரு கோப்பாக இருக்கிறது. தேர்தல் வந்தால் அந்தக் கோப்பை ஒருவரும் திறப்பதில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

ஒளித்து வைத்திருப்பவனுக்குப் பட்டியலே கிடையாது. நம் நாட்டில் ஆயுதச் சட்டத்தின் கீழ் காவல்துறை பறிமுதல் செய்யும் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பகுதி உரிமம் இல்லாத கள்ளத் துப்பாக்கிகள்தான். ஆண்டுதோறும் வெளியாகும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் நீங்களே பார்க்கலாம். கூலிக்குக் கொல்கிறவன் வட்டாட்சியரிடம் போய் மனுக் கொடுத்துவிட்டா துப்பாக்கி வாங்குகிறான்? பெயரையும் முகவரியையும் கொடுத்து, கட்டணம் கட்டி, கேட்டபோதெல்லாம் கொண்டுவந்து காட்டுகிறவர்களைக் கூப்பிட்டு வாங்கி வைத்துவிட்டு, இத்தனை துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன என்று செய்திக்குறிப்பில் எண்ணிக்கை போடுகிறீர்கள். அந்த எண்ணிக்கை எங்களுடைய கீழ்ப்படிதலை அளக்கிறது. தேர்தலின் பாதுகாப்பை அது அளக்கவில்லை.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் உத்தரவு என்ன சொல்கிறது என்பதையும் எடுத்துப் பார்த்தேன். தேர்தல் ஆணையம் 2009-இலேயே இதற்கென்று வழிமுறை வகுத்துவிட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய ஆய்வுக் குழு இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அந்தக் குழு உரிமங்களைப் பரிசீலிக்க வேண்டும். பிணையில் வெளியே வந்திருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரங்களில், குறிப்பாகத் தேர்தல் காலக் கலவரங்களில், ஈடுபட்டவர்கள் என்று யாரை முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. பரிசீலித்த பிறகுதான் நோட்டீசு. தலைமுறை தலைமுறையாக வழக்கத்தால் ஆயுதம் ஏந்தும் உரிமை பெற்ற சமூகங்களுக்கு விலக்கும் சொல்லியிருக்கிறது. எல்லாரிடமும் வாங்கிவிடு என்று அதில் இல்லை. 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆய்வுக் குழு காரணம் காட்டி முடிவெடுக்காமல், பொத்தாம்பொதுவாக எல்லா உரிமதாரர்களையும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

ஆயுதச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1959-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் உழவருக்கு வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் தரலாம். 14-ஆம் பிரிவில் இன்னொன்று இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது. எழுதியவர்களை நினைத்து நான் நெகிழ்ந்த வரி அது. பண்ணையாருக்கு மட்டுமே துப்பாக்கி என்றிருந்த நாட்டில், ஒரு ஏக்கர்காரனையும் நம்பலாம் என்று சுதந்திர இந்தியா எழுதிவைத்த வரி. உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தவோ ரத்து செய்யவோ 17-ஆம் பிரிவு இருக்கிறது. அப்படிச் செய்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எங்களுக்கு வழி உண்டு. தேர்தல் காலத்தில் என்னிடமிருந்து வாங்கியபோது காரணமும் எழுதவில்லை, மேல்முறையீட்டுக்கு வழியும் இல்லை.

இந்த அவநம்பிக்கை பழையது. மருது பாண்டியர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமையின் பாளையக்காரர்களிடமும் மக்களிடமும் இருந்த ஆயுதங்களைப் பறித்தது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு அது வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்தது. காந்தியே அந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரசு மாநாடு, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகத் தீர்மானத்திலேயே எழுதியது. அரசியலமைப்புச் சட்டம் எழுதும்போது அதைச் சேர்க்காமல் விட்டார்கள். விட்டது சரி என்றுதான் நினைக்கிறேன். துப்பாக்கி உரிமையாக இருக்க வேண்டாம், உரிமமாகவே இருக்கட்டும். ஆனால் உரிமம் கொடுத்த பிறகு, கொடுத்தவரே பெற்றவரை லிட்டனின் கண்ணால் பார்ப்பது என்ன நியாயம்?

நமக்குப் பக்கத்திலேயே குடகு இருக்கிறது. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு உண்டு. ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆண்டுதோறும் கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூசை செய்கிறார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதாலேயே ஒரு மனிதர் கலவரக்காரர் ஆகிவிடுவார் என்றால் குடகு எப்போதோ பற்றி எரிந்திருக்க வேண்டும். அந்தச் சலுகையை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்கவில்லை. பிறப்பைப் பார்த்து ஒரு சாராரை நம்ப முடிந்த அரசுக்கு, கோப்பைப் பார்த்து எங்களை நம்ப முடியாதா என்று கேட்கிறேன்.

துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. எதற்குத் தேவை என்றே தெரியாமல் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது நகை மாதிரி. காருக்குள் வைத்துக்கொண்டு டிரைவரிடம் காட்டுகிறவர்கள், தகராறு வந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் உண்டு. வடக்கே திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டு, கூட்டத்தில் நின்றவர்கள் செத்த கொடுமைகள் தொடர்ந்ததால்தான் 2019-இல் சட்டத்தைத் திருத்தி அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று வைத்தார்கள். அதே திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். நல்லது செய்தார்கள். ஒன்றே போதும் என்று சொல்லியிருந்தாலும் நான் வரவேற்றிருப்பேன். குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன் வீட்டில் துப்பாக்கி இருந்தால் தேர்தல் வரைக்கும் காத்திருக்காதீர்கள், புகார் வந்த அன்றே வாங்கிவிடுங்கள். வாழ்க்கை வெறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிற கடன்காரன் வீட்டிலிருந்தும் வாங்கிவிடுங்கள். உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே போகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் உண்மையான ஆபத்து இப்போது எங்கே வளர்கிறது தெரியுமா? மின்வேலியில். உரிமம் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் "எதுக்கு இந்தத் தொல்லை, ஒப்படைச்சிருங்க" என்று கேட்டுக் கேட்டு, தேர்தலுக்குத் தேர்தல் நிலையத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கள் சுற்று வட்டாரத்தில் பலர் உரிமத்தையே விட்டுவிட்டார்கள். வயசானவர்கள் பிள்ளைகள் பெயருக்கு மாற்றவில்லை. சரி, பன்றி வராமல் போய்விட்டதா? துப்பாக்கியை விட்டவர்களில் சிலர் மோட்டார் கொட்டகையிலிருந்து திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்து வரப்பில் கட்டுகிறார்கள். சிலர் பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைப் போடுகிறார்கள். அதைக் கடிக்கும் பன்றி தாடை சிதறிச் சாகும், யானைக்குட்டி கடித்தால் வாய் அழுகிப் பட்டினியில் சாகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு தோட்டத்து மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒருவர் தன் கடலைக்காட்டுக்குக் கம்பி கட்டினார். விடியுமுன் தண்ணீர் திருப்பப் போன கூலிக்காரர் அதில் கிடந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். கம்பி கட்டியவரும் அதற்கு முந்தைய ஆண்டு வரை உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தவர்தான். துப்பாக்கியைத் தொலைத்துவிட்ட நிம்மதியில் உங்கள் அலுவலகம் அவர் கோப்பை மூடியிருக்கும்.

வெடிச் சத்தத்தால் யாரும் சாவதில்லை. பதிவு இல்லாத கம்பி ஆளைக் கேட்காது, விலங்கைக் கேட்காது. எங்கள் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் அதைவிட மோசமான ஒன்று அந்த இடத்துக்கு வருகிறது.

2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததைக் கேட்டபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றார். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டுமே கிடையாது. நான் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவள். எனக்கு அந்த அறிவிப்பால் ஒன்றும் இல்லை, காட்டின் ஓரத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். காடு அவற்றின் வீடு. கேரளத்தில் 2022-இலிருந்து ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களையே பட்டியல் போட்டு, தொல்லை தரும் பன்றியைச் சுட அனுமதிக்கிறார்கள். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் அங்கே அரசுக்கு அந்தத் துப்பாக்கிக்காரர்கள் உதவிக்கு அழைக்கக்கூடியவர்களாகத் தெரிகிறார்கள். இங்கே நாங்கள் ஒப்படைக்க அழைக்கப்படுகிறவர்களாக மட்டும் தெரிகிறோம்.

ஒப்படைத்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் இடமில்லை என்று நகரத்து ஆயுதக் கடைக்கு அனுப்பினால் அதற்கு வாடகை எங்கள் தலையில். நிலையத்திலேயே வாங்கிக்கொண்டால் ஈரச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். ரசீதில் துப்பாக்கி எண் மட்டும் இருக்கும், அதன் நிலை பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒருமுறை திரும்ப வாங்கியபோது குழலுக்குள் துரு ஏறியிருந்தது, மரக்கட்டை கீறி விரிந்திருந்தது. துருவேறிய குழலில் மருந்து இடித்தால் வெடித்துச் சிதறி இடிக்கிறவர் கையே போகும். பழுது பார்க்க ஆன செலவை யாரிடம் கேட்பது என்று விசாரித்தேன், அதற்கு வழியில்லை என்றார்கள்.

ஆகவே கேட்கிறேன்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது பொத்தாம்பொதுவான செய்திக்குறிப்பை வெளியிடாதீர்கள். ஆய்வுக் குழுவை உண்மையாகவே கூட்டுங்கள். தேர்தல் இல்லாத இந்த நாட்களிலேயே உரிமக் கோப்புகளைப் பிரித்து வைத்துவிட்டால் அறிவிப்பு வந்த வாரத்தில் திணற வேண்டியதில்லை. யாரிடம் வாங்க வேண்டும் என்று முடிவெடுக்கிறீர்களோ அவருக்குத் தனி நோட்டீசு, அதில் அவருக்கு உரிய காரணம், பதில் சொல்ல அவகாசம் என்று கொடுங்கள். "தேர்தலை முன்னிட்டு" என்பதைக் காரணமாக எழுதாதீர்கள்.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வைத்திருப்பவர்களில் வழக்கு எதுவும் இல்லாதவர்களை, விளையாட்டு வீரர்களையும் வங்கிக் காவலர்களையும் விலக்குவது போலவே, விலக்குப் பட்டியலில் சேருங்கள். வீட்டுக்கு வந்து துப்பாக்கி பூட்டியிருக்கிறதா, மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். கதவு திறந்திருக்கும். வாக்குப்பதிவுக்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கு மட்டும் மருந்தையும் கேப்பையும் வாங்கி வைத்துக்கொண்டால் கூட நான் மறுக்க மாட்டேன்.

தவிர்க்கவே முடியாமல் வாங்கினால், தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்த சில நாட்களில் திருப்பிக் கொடுக்க அனுமதி கேட்டுத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். வேறு மாநிலங்களின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவுக்காக எங்கள் கடலைக்காட்டைத் திறந்து போட வேண்டியதில்லை. வாங்கும்போது துப்பாக்கியின் நிலையைப் படம் எடுத்து ரசீதோடு இணைத்துக் கொடுங்கள். எண்ணெய் பூசி உலர்ந்த இடத்தில் வையுங்கள். வாடகையை அரசு ஏற்கட்டும், பழுதானால் இழப்பீடு கிடைக்கட்டும். ஒப்படைக்க வருகிறவர்களைப் பிணை எழுத வந்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

உரிமம் புதுப்பிக்கவோ வாரிசு பெயருக்கு மாற்றவோ வருகிறவரிடம் "வேண்டாம்னு எழுதிக் குடுங்க" என்று வாய்மொழியாகச் சொல்வதை நிறுத்துமாறு உங்கள் ஊழியர்களுக்கு எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். மறுப்பதாக இருந்தால் சட்டப்படி காரணம் எழுதி மறுங்கள், நாங்கள் மேல்முறையீட்டுக்குப் போய்க்கொள்கிறோம். பெண் என்பதைக் கேள்வியாக வைக்க வேண்டாம் என்பதையும் அந்த உத்தரவில் சேருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு வேண்டும். கடந்த மூன்று பெரிய தேர்தல்களின்போது உங்கள் மாவட்டத்தில் ஒப்படைக்கப்பட்ட உரிமத் துப்பாக்கிகள் எத்தனை, அவற்றின் உரிமையாளர்களில் குற்ற வழக்கு உள்ளவர்கள் எத்தனை பேர், பயிர்ப் பாதுகாப்பு உரிமதாரர்கள் எத்தனை பேர், அதே நாட்களில் பிடிபட்ட கள்ளத் துப்பாக்கிகள் எத்தனை, ஆய்வுக் குழு கூடிய கூட்டங்களின் குறிப்புகள் எங்கே என்பதை மாவட்ட இணையதளத்தில் வெளியிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்விகளை எங்கள் மாவட்ட அலுவலகத்துக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் அடுத்த மனுவை அதை வைத்து எழுதுவேன்.

இப்படிக்கு,
மலையடிவாரத்தில் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் பெற்ற ஓர் உழவர்